மருந்து டப்பா

நேரலை தொடங்குவதற்கு முன் கேபிள் சேனல் முதலாளி பொன்னுராஜ் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"என்ன வேணும்னாலும் பேசுங்க டீச்சர். வெசம்ங்கிற வார்த்தை மட்டும் உங்க வாயில வரக்கூடாது. மருந்துன்னுதேன் சொல்லணும்னு கர்ணன் சொல்லிட்டாக. மீறுனா இன்னையோட நிகழ்ச்சிக்கு மங்களம் பாடிர வேண்டியதுதேன்."

கர்ணன் உத்தமபாளையத்தில் பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவர். விளம்பரம் அவருடையது, இன்றைக்கு விருந்தாளியும் அவரே.

செலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராயப்பன்பட்டிக்காரி, பள்ளியில் வேதியியல் எடுப்பவள். ஞாயிறுதோறும் அவள் நடத்தும் 'ஏன்னு கேளு' வந்துவிட்டால் கம்பம் பக்கம் சீரியல் பைத்தியங்கள்கூட ரிமோட்டைக் கீழே வைத்துவிடும். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

கர்ணன் மேசை நிறைய டப்பாக்களை அடுக்கிவிட்டு நடுவில் புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். எல்லாம் மருந்து தீர்ந்த காலி டப்பா. சரக்கோடு கொண்டுவந்தால் அறையே நாறும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன!

முதல் போன் கூடலூரிலிருந்து. திராட்சைத் தோட்டத்தில் கூலிவேலை பார்க்கும் சுருளியம்மாள்.

"டீச்சரம்மா, மருந்து தீந்த டப்பாவக் கழுவித்தேன் தோட்டத்துக்குத் தண்ணி கொண்டுபோறோம். பிள்ளைகளும் குடிக்குதுக. மருந்துதான, ஒண்ணும் செய்யாதுல்ல?"

செலின் வாயைத் திறப்பதற்குள் கர்ணன் முந்திக்கொண்டார்.

"நல்லாக் கழுவிட்டா ஒண்ணும் செய்யாது ஆத்தா. நம்ம மருந்து அப்பேர்ப்பட்டது."

"ஊறுகா வச்ச பிளாஸ்டிக் டப்பாவ எத்தன தடவ கழுவுனாலும் வாசம் போகுதாம்மா?" என்றாள் செலின். "போகாதுல்ல? ஊறுகா பிளாஸ்டிக்குக்குள்ள ஊறி உக்காந்துக்கிருது. மருந்தும் அப்பிடித்தேன். கழுவக் கழுவக் கொறையும், ஆனா முழுசாப் போகாது. அதுல தண்ணிய ஊத்துனா கொஞ்சங் கொஞ்சமா எறங்கும்."

"சும்மா பயங்காட்டாதீக டீச்சர்," என்று சிரித்தார் கர்ணன்.

அந்தச் சிரிப்புத்தான் அவளை உசுப்பிவிட்டது. ஒரு டப்பாவை எடுத்தாள். தான் குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை அதில் ஊற்றிக் குலுக்கி, மூலையில் கிடந்த வாளியில் கொட்டினாள். மறுபடி ஊற்றினாள், மறுபடி கொட்டினாள். கடைசியாக ஊற்றியதை ஒரு டம்ளரில் சாய்த்து அவர் முன்னால் வைத்தாள்.

"நல்லாக் கழுவியாச்சு. மருந்துதானண்ணே, ஒரு மடக்குக் குடிங்க."

கர்ணன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "ஏம்மா, வெளையாடுறியா? அது வெசம்மா!"

நிறுத்து நிறுத்து என்று பொன்னுராஜ் கையை ஆட்டினார். கேமராக்காரர் வாயைப் பிளந்து நின்றதில் அதைக் கவனிக்கவே இல்லை.

"கடைக்காரவுக என்னமோ சொன்னாகளே, சரியாக் கேக்கல டீச்சரம்மா," என்றது போன்.

நிகழ்ச்சி போச்சு என்று செலினுக்குத் தெரிந்துவிட்டது. போனால் போகட்டும். சேலையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்றிக் கர்ணன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"அந்தம்மாவுக்குக் கேக்கலையாம்ணே. இன்னொருக்கச் சத்தமாச் சொல்லுங்க."