தவசியின் காது

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் உள்ள அத்தனை காதுகளையும் தராசின் ஒரு தட்டில் போட்டு, மறு தட்டில் தவசியின் காதை வைத்தால் தவசியின் தட்டுதான் தாழும். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. சொன்னவர் தவசி.

மல்லாங்கிணறு கடைத்தெருவில் தனுஷ்கோடி அண்ணாச்சியின் மாவு மில்லில் அவர் எஞ்சின் ஓட்டினார். தெருவுக்குக் கரண்டு வந்து கால் நூற்றாண்டு ஆகியும், அப்பா வாங்கிப் போட்ட ஆயில் எஞ்சினை அண்ணாச்சி விடவில்லை. "நல்லாத்தான ஓடுது? எதுக்கு மாத்தணும்?" என்பார். சைலன்ஸர் துருவேறி விழுந்தபோதும் புதுசு வாங்கவில்லை. புகைக்குழாயின் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துக் கட்டினார். குக்கு குக்கு என்ற சத்தம் காட்டில் களையெடுக்கிறவர்களுக்கும் கேட்டது. மில்லு ஓடுகிறது என்று தெரிந்து பெண்கள் தானியத்தோடு வந்தார்கள். காசில்லாத விளம்பரம்.

அந்தச் சத்தத்துக்குள் நின்று தவசி இருபது வருஷத்துக்கு மேல் அரைத்தார்.

மில்லுக்குள் யாரும் பேசுவதில்லை. பேசினாலும் கேட்காது. எல்லாம் கைதான். இரண்டு விரலை உரசினால் நைஸ் மாவு. ஐந்தையும் குவித்தால் குருணை. பிள்ளையைத் தாலாட்டுவதுபோலக் காட்டினால் கைக்குழந்தைக்கான கூழ்மாவு, மிளகாய் அரைத்த சூட்டோடு போடக்கூடாது. உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு தரம் அமுக்கினால் எஞ்சினை நிறுத்து.

எஞ்சின் முரண்டு பிடித்தால் மதுரையிலிருந்து மெக்கானிக் ஜெயபாண்டி வருவார். எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். தவசிக்குச் சிரிப்புத் தாங்காது.

"என்னப்பா, மாட்டுக்குச் சினை பாக்குறியா? எஞ்சின காதால கேக்கணும்யா! தடவிப் பாக்குறவன் மெக்கானிக்கு இல்ல, மாட்டுத் தரகன்."

ஜெயபாண்டி ஏதோ பதில் சொல்வார். தவசிக்கு விளங்காது. மதுரைக்காரர்கள் வாய்க்குள்ளேயே மென்று பேசுகிறவர்கள்.

மென்று பேசும் வியாதி சில வருஷமாக இங்கேயும் பரவியிருந்தது. பஸ் கண்டக்டர் மென்றார். கோயில் பூசாரி மென்றார். ரேஷன் அரிசி தின்று ஜனங்களுக்குத் தொண்டை செத்துவிட்டது என்று தவசி மனைவியிடம் விளக்கினார். கருத்தம்மாள், "ஆமா, ஆமா" என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி ஒத்துக்கொண்டாள்.

தொண்ணூற்று மூன்றில் எஞ்சினின் உள்சாமான் ஒன்று உடைந்தது. இதை இப்போது எவனும் செய்வதில்லை என்று ஜெயபாண்டி கைவிரித்தார். அண்ணாச்சி லோன் போட்டு மின்சார மோட்டார் வாங்கினார். சுவிட்சைத் தட்டினால் வண்டு பறப்பதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். மில்லுக்குள் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். கைகள் கீழே இறங்கிவிட்டன.

ஒருநாள் வெள்ளைத்தாய் இடுப்பில் பிள்ளையும் கையில் கேப்பைச் சட்டியுமாக வந்தாள். அவளுக்கு முன்னால் வந்த மாரிக்கனியின் மிளகாய் அப்போதுதான் அரைபட்டு இறங்கியிருந்தது. மிளகாய்க்குப் பின்னால் மாட்டுத் தீவனம் போட்டுக் கல்லைத் துடைப்பது வழக்கம்.

"இது மாட்டுக்கு இல்லண்ணே. புள்ளைக்கு. கொஞ்சம் பொறுத்துப் போடுங்க."

தவசி சிரித்துத் தலையாட்டினார். பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினார். சட்டியை வாங்கிக் கொட்டினார்.

மறுநாள் காலையில் அவள் திரும்ப வந்தபோது பிள்ளையின் உதடு வெந்ததுபோலச் சிவந்திருந்தது. சண்டை போடத்தான் வந்தாள். தவசி மறுபடியும் கன்னத்தைக் கிள்ள வரவும் அவளுக்குக் கோபம் பாதியில் நின்றுவிட்டது. அண்ணாச்சி பக்கம் திரும்பினாள்.

"அவுகளச் சொல்லி என்ன செய்ய? காது கேக்காத மனுசன்."

மில்லில் இருந்த எல்லோரும் தவசியைத் திரும்பிப் பார்த்தார்கள். தவசி மட்டும் பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எஞ்சினு ஓடுறப்ப ஒண்ணும் தெரியலியே," என்றார் அண்ணாச்சி, யாரிடமோ.

சாயங்காலம் கணக்கு முடித்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "தவசி, நாளையிலருந்து வர வேண்டாம்யா. ஒண்ணும் மனசுல வச்சுக்காத."

"சரிங்க அண்ணாச்சி. வெள்ளனயே வந்துருதேன்."

வெள்ளனவே வந்தார். அண்ணாச்சி கடைக்கு வரும்போது மில்லைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, மோட்டாரை ஓடவிட்டு நின்றுகொண்டிருந்தார். அண்ணாச்சி கத்தத் தெரியாதவர் அல்ல. லாரிக்காரன், கடன்காரன், கரண்டு ஆபீஸ்காரன் எல்லோரிடமும் கத்தியிருக்கிறார். வாயைத் திறந்தார். தெருவில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூடிக்கொண்டார். உள்ளே வந்து, தவசி முன்னால் உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு தரம் அமுக்கினார்.

தவசி போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார்.

அண்ணாச்சி இன்னும் ஒருமுறை அமுக்கினார்.

தவசி மோட்டாரைத் திரும்பிப் பார்த்தார். அது நின்றுதான் இருந்தது. அண்ணாச்சியின் கையைப் பார்த்தார். அப்புறம் துண்டை எடுத்து மீசையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டார். வெளியே புகைக்குழாயில் தகர டப்பா அப்படியே தொங்கியது.

வீட்டில் மகள் தங்கலட்சுமி பிரசவத்துக்கு வந்து, பேரன் பிறந்திருந்தான். நேரம் கெட்ட நேரத்தில் வந்தவருக்குக் கருத்தம்மாள் வழிவிட்டாள். தூக்குவாளியை வாங்கித் திறந்து பார்த்தாள். சோறு அப்படியே இருந்தது. தட்டில் போட்டு வைத்தாள். தெருமுனையில் தண்ணி லாரி வந்துவிட, தாயும் மகளும் குடத்தை எடுத்தார்கள்.

"புள்ள அழுதா தூக்குங்க!" என்று கருத்தம்மாள் கத்தினாள்.

"எதுக்குடி இந்தக் கத்து கத்துற? எறும்பு அழுதாலும் எனக்குக் கேக்கும்."

அவர்கள் போகும்வரை விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பிறகு வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் நகர்ந்து, சேலைத் துணியின்மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் துணி நடுங்கியது.

"வாரேன்யா," என்றார் தவசி. "வாரேன், வாரேன்."