ஆறாவது மணி என்ன நிறம்?

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சொல்லக்கூட வாய் வலிக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரு சாயத்தைப் பூசிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். லிங்கன்ஷயர் வயல்களில் வாய்க்கால் வெட்டியே வயதாகிப்போன ஆம்ப்ரோஸ், மணிக்கூண்டுப் படிகளில் மூச்சு வாங்க ஏறும்போது இதைத்தான் முணுமுணுத்தார்.

அந்தத் தேவாலயத்தில் எட்டு மணிகள், ஆளுக்கொரு கயிறு. நாற்பத்தோரு ஈஸ்டராக ஆறாவது மணி அவருடையது. "ஆறு, நாலுக்குப் பின்னாடி" என்று குரல் வந்தால், நாலாவது மணி அடித்ததும் இவர் கை தானாக இழுக்கும். இந்த வருஷம் குழுவுக்குத் தலைவியாக வந்த பள்ளிக்கூட டீச்சர் ஃபிலிப்பா, புதியவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று கயிறுகளின் கம்பளிப் பிடிகளுக்கு வானவில் நிறங்களைப் போட்டுவிட்டாள். முதல் மணி சிவப்பு. நாலு பச்சை, ஐந்து நீலம், ஆறு கருநீலம், ஏழு ஊதா. எட்டாவதற்கு நிறம் மிச்சமில்லாமல் வெள்ளை. இனி எண் கிடையாது.

வியாழக்கிழமை ஒத்திகையில், "நீலம், பச்சைக்குப் பின்னாடி!" என்று அவள் குரல் கொடுத்தாள். ஐந்தாவது மணிக்காரன், கசாப்புக்கடை கிளைவ், பச்சைக்குப் பின்னால் போனான். ஆம்ப்ரோஸும் போனார். இரண்டு மணியும் ஒரே நொடியில் ஒலித்து இடித்துக்கொண்ட சத்தத்தில் கோபுரத்துக் காக்கைகள் அத்தனையும் கிளம்பிவிட்டன.

"பெரியவரே, கிளைவ்தான் நீலம். நீங்க கருநீலம்!"

"ரெண்டும் நீலம்தானேம்மா. ஒண்ணு தொவைச்சது, ஒண்ணு தொவைக்காதது."

"கண்ணாடியக் கழட்டி உருளைக்கெழங்கு மூட்டையோட வித்துட்டாரு," என்றான் கிளைவ்.

ஃபிலிப்பா சிரித்தாள். ஆனால் விடவில்லை. "ஈஸ்டர் அன்னிக்கு இப்படி இடிச்சா ஊரே சிரிக்கும். நெறம் பிடிபடாதவங்க ஞாயித்துக்கிழமை கீழ பெஞ்சுல உக்காந்து கேக்கட்டும்."

ஆம்ப்ரோஸ் தன் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வானவில்லுல ஏழுன்னு யாரும்மா சொன்னது?"

"நியூட்டன். நம்ம பக்கத்து ஆளுதான். சங்கீதத்துல ஏழு சுரம் இருக்கே, அதுக்குத் தோதா ஏழுன்னு வச்சாரு."

"தோதா வச்சாரா! அப்ப எண்ணிப் பாக்கல. இங்க எட்டுல்ல தொங்குது? எட்டாவே ஆக்கிர வேண்டியதுதானே!"

சொல்லிவிட்டு, அவளைத் திரும்பி நிற்கச் சொன்னார். ஒத்திகை முடிந்ததும் கயிறுகளை மாட்டும் நடுக் கொக்கியில் எட்டையும் கொத்தாக மாட்டினார்.

"இப்ப வாம்மா. எந்தக் கயிறு எந்த மணிக்குப் போகுதுன்னு மேல பாக்கக் கூடாது. கருநீலத்த எடு."

அவள் ஒன்றைத் தொட்டாள், விட்டாள், இன்னொன்றை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். கடைசியில் ஒன்றை உறுதியாகப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், அது என்னுது," என்றான் கிளைவ்.

ஃபிலிப்பாவின் முகம் சிவந்துபோனது.

"இது மொத மணி. இதுல எனக்குச் சந்தேகமே இல்ல," என்று அவள் முகத்தைக் காட்டினார் ஆம்ப்ரோஸ்.

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, சரி. ஞாயித்துக்கிழமை உங்க மணி உங்களுக்கே. உங்களுக்கு மட்டும் நம்பர் சொல்றேன், போதுமா?"

வெளியே மழை விட்டிருந்தது. பார்லி வயலுக்கு மேலே முழு வானவில் ஒன்று நின்றது. கல்லறைகளுக்கு நடுவே ஃபிலிப்பா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அதோ பாருங்க, நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவுல!"

ஆம்ப்ரோஸ் கண்ணாடியைச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு, விரல் விட்டு எண்ணினார்.

"ஆறு."

"நீங்க போட்டிருக்கிற கால்சட்டையே அவுரிச் சாயம்தான், கருநீலம்கிறதே அந்த நெறந்தான். வாழ்நாள் பூரா கருநீலத்துக்குள்ளயே காலை விட்டுட்டு..."

"இது நீலம்."

பின்னாலேயே வந்த கிளைவ் தலையைச் சொறிந்தான். "பெரியவரே, ஆறுதான்னா ஆறாவது ஊதால்ல? உங்க கயித்துல ஊதாவ மாட்டிரலாமா?"

ஆம்ப்ரோஸ் இதை யோசித்திருக்கவில்லை. விரல்களை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"மணிக்கு எதுக்குடா நெறம்?" என்று சொல்லிவிட்டு, வானவில்லுக்கு முதுகைக் காட்டி, சேற்றில் காலை அழுத்தி வைத்து நடந்தார். கேட்டைத் தாண்டும்போதும் அவர் முணுமுணுப்பது கேட்டது: "தோதா வச்சாராம்!"