ஊசிப்புல்லும் பழந்தின்னி வவ்வாலும்

“அப்பா, மழை வருமான்னு ஊசிப்புல்லு சொல்றது நெசமா, வவ்வா சொல்றது நெசமா?”

எண்பத்தெட்டாம் வருஷக் கார்த்திகையில் ஒரு சாயங்காலம் ஏழு வயது கெம்பி இப்படிக் கேட்டாள். அவள் உள்ளங்கையில் ஊசிப்புல்லின் விதை ஒன்று இருந்தது. முறுக்கிய கயிறு போன்ற அதன் வால் தானாகவே மெல்லப் பிரிந்து சுழன்றது. காற்றில் ஈரம் ஏறினால் அது அப்படித்தான் செய்யும். தலைக்கு மேலேயோ ஆலமரத்துப் பழந்தின்னி வவ்வால்கள் வழக்கம்போல் கூட்டமாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. மழை வருவதானால் அவை மரத்தை விட்டு நகராது என்று ஜூஜுவாடியில் பலரும் நம்பினார்கள்.

அவள் அப்பா ஆஞ்சப்பன் யோசித்தான். லாரிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று ரோட்டில் பரப்பிய ராகிக் கதிர், பாதி உதிர்ந்தபடி ரோட்டோரம் குவிந்து கிடந்தது. வீட்டுக்கு வருஷச் சாப்பாடு அதுதான். மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். ஒற்றை ஆளாக அள்ள உடம்பில் தெம்பில்லை.

“புல்லு நின்ன எடத்துலயே நிக்குது. அதுக்குத் தன் காலடி ஈரம்தான் தெரியும். வவ்வா நாலு ஊரு சுத்துது. அதையே நம்புவோம்,” என்றான்.

விடியும் முன்பே மகளை எதிர்வீட்டு வெங்கடம்மாளிடம் விட்டுவிட்டு முதல் ஷிப்டுக்குப் போனான். பத்து மணிக்குக் கம்பெனிக் கூரைமேல் மழை கொட்டியது. போக அனுமதி கேட்டான். “லைன் நின்னுடும்பா” என்றார் சூப்பர்வைசர். இரண்டு மணிவரை கை வேலை பார்த்தது, வாய் மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரரைக் கூப்பிட்டபடியே இருந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடினான். குவியல்மேல் தார்ப்பாய் விரித்து, சுற்றிலும் கல் வைத்திருந்தது. உள்ளே கைவிட்டான். மணி மணியாக உலர்ந்த ராகி. அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான்.

“என்னப்பா, பஸ்ஸுல தூங்குனது பத்தலையா?” என்று வாசலிலிருந்து வெங்கடம்மாள் கேட்டாள்.

“அக்கா, நீங்கதானே மூடுனது?”

“எனக்கு வேற வேலை இல்லையா? போய் உன் வவ்வாவைக் கேளு.”

அவள் பின்னால் கெம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வெங்கடம்மாள் பசுவுக்கென்று அறுத்துக் காயவைத்த புல், மூடியிருந்த தார்ப்பாய் இல்லாமல் முழுக்க நனைந்து கிடந்தது. ஆஞ்சப்பன் அதைப் பார்த்தான். ஒளித்துச் செய்த நல்லதைக் கிளறி, செய்தவளைக் கூச வைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

அடுத்த வார லீவன்று வெங்கடம்மாள் கன்றுக்குட்டியை விற்கக் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போயிருந்தாள். கெம்பி பள்ளிக்கூடத்தில். ஆஞ்சப்பன் மணி உதிர்ந்த ராகித்தாளில் மாட்டுத் தீனிக்கு நல்லதாகப் பொறுக்கிக் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து, வெங்கடம்மாளின் மாட்டுக் கொட்டகைப் பரணில் நிறைய அடுக்கினான். கீழே சிதறியதைக் கூட்டி அள்ளினான். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. படலைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனான்.