பலகை அறை

ஐயம்பேட்டையில் பட்டுநூலுக்குச் சாயம் தோய்த்துக்கொண்டிருந்த ஒரு கொட்டகையில்தான் கலியாணசுந்தரம் கம்ப்யூட்டர் செய்யத் தொடங்கினார். எழுபத்தேழாம் வருஷம். தரையில் சிவப்பும் நீலமுமாய்க் கறை அப்படியே இருந்தது. ஒரே கூடம், ஒரே நீள மேஜை. முதலாளியும் அங்கேதான் வேலை செய்வார், அங்கேதான் சாப்பிடுவார். யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் உரக்கக் கேட்கலாம். பதில் தெரியாவிட்டால், "தெரியலப்பா, பிரிச்சுப் பாக்கலாம்" என்பார்.

ஆர்டர் பிடிக்க அவர் மெட்ராஸிலேயே தங்கவேண்டி வந்ததும் அதே மேஜையில் கூட வேலை செய்த ராஜவேலுவை மேனேஜர் ஆக்கினார். கம்பெனியில் பங்கு வைத்திருந்த பட்டுக்கடைக்காரர் துரைக்கண்ணு, உடனே கூடத்து மூலையில் பலகை அடித்து ஓர் அறை போடச் சொன்னார்.

"மேனேஜருன்னா எல்லார் நடுவுலயும் குந்திக்கினு இருக்கக் கூடாது. தனியா இருந்தாத்தான் பயம் இருக்கும்."

கலியாணசுந்தரத்துக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும், "ஒக்காரப்போறது நீ. நீயே முடிவு பண்ணுப்பா" என்று விட்டுவிட்டார்.

ராஜவேலு அறையை ஏற்றுக்கொண்டான். அவன் அம்மா கங்கையம்மாள் பார்க்க வந்தாள். கதவைத் தடவிப் பார்த்தாள். "உங்கப்பன ஊர்த்தெருவுல ஒரு வாசப்படி ஏற விட்டதில்ல. உனக்குன்னு ஒரு கதவாடா?" என்று அழுதுவிட்டாள்.

ஆனால் உள்ளே இருப்புக் கொள்ளவில்லை. வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டால் என்னவென்று எழுந்துபோவான். அவன் தலை தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிடும். திரும்பி வந்து உட்காருவான், மறுபடியும் எழுவான். மெஷின்களைச் சோதித்து அனுப்பும் மேரி அவனோடு பாலிடெக்னிக்கில் படித்தவள். மணிக்கணக்கில் அவனோடு வாதாடியவள். இப்போது எதைச் சொன்னாலும் "சரிங்க" என்று நகர்ந்தாள்.

சித்திரை பிறந்ததும் வாலாஜாபாத் அரிசி ஆலைக்காரர் சங்கத்துக்கு ஒரு மெஷின் போனது. சில நாட்களில் சங்கத்துச் செயலாளர் முனிரத்தினம் போன் செய்தார். "காலையில ஓடுது. வெயில் ஏறினா படுத்துக்குது. இத வெச்சிக்கினு நாங்க என்னா பண்றது?"

ராஜவேலு கூடத்துக்கு வந்து கத்தினான். "இத யாருமே பாக்கலியா?"

"நான் பாத்தேன்" என்றாள் மேரி. "மூடிய மாட்டினா உள்ள சூடு தங்கிடுது. அன்னிக்கே சொல்ல வந்து கதவத் தட்டினேன். தொரைக்கண்ணு ஐயாகூட பேசிக்கினு இருந்தீங்க. அப்புறம் வான்னீங்க."

"ஏன் வரல?"

"வந்தேன். அதுக்குள்ள மெஷின் போயிடுச்சி. இப்ப வந்து சொல்றியான்னு கத்துவீங்களோன்னு பயந்துட்டேன்."

அன்று தான் அவள் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் கையை ஆட்டியது அவனுக்கு நினைவு வந்தது.

இரண்டு பேரும் அடுத்த பஸ்ஸிலேயே வாலாஜாபாத் போனார்கள். மூடியில் துளை போட்டு, உள்ளே ஒரு சின்ன விசிறி பொருத்தினார்கள். "தப்பு எங்க மேலதான். என் மேலதான்" என்றான் ராஜவேலு. முனிரத்தினம் ஆசை தீரத் திட்டினார். ஆனால் மெஷின் உச்சி வெயிலைத் தாண்டியும் ஓடியது.

மறுநாள் ராஜவேலு தன் மேஜையை இழுத்துவந்து கூடத்தில் போட்டான். போன் கம்பி எட்டவில்லை. மணி அடித்தபோதெல்லாம் ஓடினான். "உனக்கு வேணாமா? வுடு" என்று துரைக்கண்ணு அறையில் நூல் மூட்டைகளை அடுக்கினார். கங்கையம்மாளுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"வந்த மரியாதைய எவனாவது வேணாம்பானா?"

"உள்ள இருந்தா எனக்கு ஒண்ணுமே கேக்கலம்மா" என்றான். அவளுக்கு அது புரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆடியில் அடுத்த மெஷின். லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்தது. மேரி பெட்டியின் மேல் கையை வைத்து, "இது போகக் கூடாது" என்றாள்.

"நிச்சயமா கோளாறா?"

"நிச்சயமா தெரியாது. சந்தேகந்தான்."

துரைக்கண்ணு மூட்டைகளுக்கு நடுவே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ராஜவேலு வாசலுக்கும் பெட்டிக்குமாக இரண்டு தரம் நடந்தான். பிறகு டிரைவரிடம் போய், "இன்னிக்கு இல்லபா, நீ கெளம்பு" என்றான். உள்ளே வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பெட்டியின் மூடியைக் கழற்ற ஆரம்பித்தான்.