ரீல் சீட்டுக்கு அடியில் என்ன வைப்பது

தூண்டில் கோலில், நூல் சுற்றும் ரீலைப் பூட்டும் குழாய்க்கு ரீல் சீட் என்று பெயர். கோல் மெலிசு, குழாய் அகலம், நடுவே கொஞ்சம் இடைவெளி. அந்த இடைவெளியை எதை வைத்து அடைப்பது என்ற ஒரே கேள்வியால் அமெரிக்காவின் வடக்கு விஸ்கான்சினில், தூண்டில் கோலைக் கையால் கட்டுகிறவர்களின் சங்கம் ஒன்று இரண்டாகப் பிளந்து கிடந்தது. பசை போட்டு ஒட்டிய பிறகு உள்ளே இருப்பது யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. தெரியாத விஷயத்துக்குத்தானே மனிதர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

மாஸ்கிங் டேப் கட்சிக்கு ஆர்னி லக்கனன் தலைவர். சுவருக்குப் பெயின்ட் அடிக்கும்போது ஓரத்தில் ஒட்டுகிற காகித டேப்பையே கோலில் சுற்றிப் பசை தடவினால் போதும், என் அப்பா செய்த கோல் இன்றைக்கும் ஆடவில்லை என்பது அவர் வாதம். எதிர்க்கட்சி டாக்டர் வெர்லின் கோப்லினுடையது. சங்கத் தலைவரும் அவரே. ஓய்வுபெற்ற பல் டாக்டர். வாழ்நாள் முழுக்க ஊரார் பல்லில் பொந்து அடைத்த மனுஷரை இந்தப் பொந்து சும்மா விடுமா? காகிதம் ஈரத்தை உறிஞ்சும், நைந்துபோகும், ஒருநாள் சீட் கழன்று சுழலும் என்பார். வெள்ளிக்கிழமை மதுக்கடையில் மீன் வறுவலுக்குக் கூடும்போதுகூட டேப் கட்சி ஜன்னலோரம், டாக்டர் கட்சி கணப்போரம். இரண்டு கட்சியிலும் மீன் தின்றவர்கள் அதிகம், பிடித்தவர்கள் குறைவு.

டாக்டருக்கு இதில் சொந்தக் காயம் ஒன்று இருந்தது. மீன் பிடிப்பது அவர் மனைவி மர்லிஸ்தான். அவளுக்காக அவர் செய்த முதல் கோலில் சீட்டுக்கு அடியில் வைத்தது மாஸ்கிங் டேப். ஒரு நவம்பர் மாலை, வருஷக்கணக்காகக் காத்திருந்த பெரிய மஸ்கி மீன் அவள் தூண்டிலைக் கவ்வியது. அவள் இழுத்தாள், மீனும் இழுத்தது, நடுவில் ரீல் சீட் வழுக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது. மீன் போய்விட்டது. மர்லிஸ் படகில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு ஆடாத அசையாத கோல் ஒன்று செய்து தருவதாக அன்றைக்குச் சத்தியம் செய்து வீட்டின் நிலவறைக்குள் இறங்கியவர், ஏழு குளிர்காலம் கழிந்தும் ஏறிவந்தபாடில்லை.

தக்கையை எடுத்தார். தக்கை நல்ல பொருள்தான், ஆனால் பசை ஓரிடத்தில் விட்டுப்போனால் தண்ணீர் குடிக்கும் என்று தள்ளிவைத்தார். சுவர் விரிசலுக்கு ஒட்டும் வலைநாடாவைப் பசையில் ஊறவைத்துச் சுற்றினார். கல்லாக இறுகியது, ஆனால் கனம். கடைசியில் லேசான ஃபோம் வளையங்களுக்கு வந்தார். அவற்றை ஃப்ரீஸரில் மான்கறித் தொத்திறைச்சிக்குப் பக்கத்தில் உறையவைத்தார், பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டார், வென்னீரில் வேகவைத்தார், ஈயக்குண்டு வாளிகளைக் கட்டித் தொங்கவிட்டார். மர்லிஸ் செய்த நூடுல்ஸ் கேசரோலில் எபாக்ஸி பசை வாடை அடித்தபோது, அதை ஒரு நல்ல அறிகுறியாகத்தான் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு முடிவையும் சங்கத்தில் படம் போட்டு விளக்கினார். டேப் கட்சியிலிருந்து இருவர் மனம் மாறினார்கள். அவர்களில் ஒருவருக்குக் காது சரியாகக் கேட்காது.

மர்லிஸ் இத்தனை காலமும் பக்கத்து வீட்டாரிடம் கோல் இரவல் வாங்கி மீன் பிடித்தாள். போன இலையுதிர்காலத்தில் ஒருநாள் நிலவறைப் படியில் நின்று சொன்னாள்.

"வெர்லின், மே மாசம் மஸ்கி சீசன் திறக்குற அன்னிக்கு என் கையில கோல் இருக்கணும். இல்லேன்னா கடையில வாங்கிடுவேன்."

கோல் கட்டும் சங்கத் தலைவரின் பெண்டாட்டி கடைக்கோலோடு ஏரிக்கு வருவதா? ஆர்னி அதைப் பார்ப்பதா? டாக்டருக்குத் தூக்கம் போய்விட்டது. அதைவிட, அவள் அதைக் கோபமில்லாமல் சொன்னது அவரைக் குடைந்தது. குளிர்காலம் முடிவதற்குள் தீர்மானித்துவிட்டார். கார்பன் தோல் போர்த்திய ஃபோம் வளையம், கோலின் சரிவுக்கு ஏற்ப உள்ளே மயிரிழை மயிரிழையாக ராவி, மெதுவாக இறுகும் எபாக்ஸி. ஒட்டிவிட்டுப் பச்சைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் ராத்திரியெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

சீசன் திறந்த சனிக்கிழமை காலை, படகுத்துறையில் பாதிச் சங்கம் காபி பிளாஸ்கோடு நின்றது. ஆர்னிகூட வந்திருந்தார். மர்லிஸ் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு புதுக்கோலை வாங்கினாள். ரீல் சீட்டை இரண்டு கையாலும் முறுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. ஆர்னியிடம் நீட்டினாள். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். அசையவில்லை. ஆர்னி பேசாமல் திருப்பிக் கொடுத்தார். டாக்டரின் ஆயுளில் அதைவிட இனிய மௌனம் கிடையாது.

மர்லிஸ் மேடை நுனிக்குப் போய்த் தூண்டிலை வீசினாள். கோலின் அடிமுனை லைஃப் ஜாக்கெட்டில் மாட்டிக்கொண்டது. தூண்டில் அவள் காலடியிலேயே தொப்பென்று விழுந்தது. மறுபடி வீசினாள். அடிமுனை விலாவில் இடித்தது. கையை அகட்டிப் பார்த்தாள், சாய்ந்து பார்த்தாள். ரீலுக்குப் பின்னால் உள்ள கைப்பிடி அவள் முழங்கையைத் தாண்டி ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நீளத்தை, பிடிக்கிறவரின் கையை அளந்துதான் வைப்பார்கள். கோலைக் கடையில் வாங்காமல் ஒருவருக்கென்று கட்டுவதே அதற்காகத்தான். முகம் தெரியாத சிகாகோக்காரர் கேட்டால்கூட டாக்டர் போன் போட்டுக் கை அளவு கேட்பார்.

"யார் கையை வச்சு அளந்தே?" என்றாள் மர்லிஸ்.

டாக்டர் தன் கையைப் பார்த்தார். ஆறடி மனுஷரின் நீளக் கை. நிலவறையில் வேறு யார் கை இருந்தது?

"ஒண்ணும் ஆகல டாக்டரே. அடிமுனையில கனம் பதிச்சிருக்கு, அதை வெட்டினா கோல் முன்னால கவிழும்; சீட்டைக் கழட்டிப் பின்னால தள்ளி ஒட்டிட்டாப் போச்சு. சூடு காட்டினா வந்துடாது?" என்றார் ஆர்னி. உதவியாகத்தான் கேட்டார், குத்தல் இல்லை.

"வராது. எல்லாம் பண்ணிப் பார்த்தேன். கோல்தான் முதல்ல உடையும்" என்றார் டாக்டர். ஏழு குளிர்காலமாக இந்த வார்த்தையைச் சொல்லத்தான் பாடுபட்டார்.

சங்கத்தார் கோலைக் கைமாற்றிக் கைமாற்றி முறுக்கிப் பார்த்து, என்ன வளையம், என்ன பசை என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். கணப்போரக் கட்சிக்கு அன்றைக்கு நாலு பேர் கூடினார்கள். மர்லிஸ் காருக்குப் போய்ப் பின்கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு கடைக்கோல் இருந்தது. இலையுதிர்காலத்திலேயே வாங்கியது, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் குளிர்காலம் முழுக்க அப்படியே வைத்திருந்தாள். விலைச்சீட்டைப் பல்லால் கடித்துக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு படகில் ஏறினாள்.

"அது உன் கோல். எடுத்துட்டு வா, ஏறு" என்றாள்.

அவர் ஏறினார். கரை தள்ளிப்போனது. மர்லிஸ் கடைக்கோலை லாவகமாக வீசினாள், தூண்டில் தூரத்தில் நாணல் ஓரம் போய் விழுந்தது. டாக்டரும் தன் கோலைப் பிடித்துப் பார்த்தார். அடிமுனை அவர் முழங்கைக்கு அடியில், வைத்த இடத்தில் வைத்ததுபோல் பொருந்தியது. ஒரு மயிரிழை கூடவில்லை, குறையவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.