பெட்டிக்குள் பழனி

பெட்டியைக் கண்ணில் வைப்பதற்கு முன்னால் குப்பண்ணனைக் குளிப்பாட்ட வேண்டியிருந்தது. சாமி பார்க்கிறவன் அழுக்கோடு பார்க்கலாமா என்று அவரே சொல்லிவிட்டார். வாதம் அவருடைய இடது பக்கத்தைத்தான் சுருட்டிப் போட்டிருந்தது; நாக்கை ஒன்றும் செய்யவில்லை. அது மட்டும் நாலு ஆளுக்கு வேலை வைத்துக்கொண்டிருந்தது. கமலாத்தாள் வெந்நீர் ஊற்றி, துவட்டி, புருஷன் நெற்றி நிறையத் திருநீறு பூசி, சுவரோரம் சாய்த்துவிட்டு நிமிர்ந்தபோது இடுப்பு விட்டுப்போயிற்று.

கிணற்றில் தண்ணீர் கண்டால் இருவரும் பழனிக்கு நடந்தே வருகிறோம் என்று அவர் வேண்டிக்கொண்டது கல்யாணமான புதிதில். தண்ணீர் வந்தது. கடலை, கரும்பு என்று வேலையும் வந்தது. அடுத்த தைப்பூசத்துக்கு ஆகட்டும் என்று தள்ளித் தள்ளிப் போட்டார். எழுபத்து மூன்றாம் வருஷத்துக் கோடையில் படுத்தவர், முருகன் கணக்குத் தீர்த்துவிட்டான் என்று ஓயாமல் புலம்பினார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. வண்டி கட்டி அழைத்துப்போக எருத்தேன்பதியில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? இவர் போனாலும் சரி, இந்தப் பேச்சு நின்றால் போதும் என்று ஒருநாள் நினைத்துவிட்டாள். நினைத்த பாவத்துக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் காசுக்குப் படம் காட்டுகிற பிச்சைமணியின் பெட்டியைப் பார்த்தாள். ஒரே காட்சியை இரண்டு படமாகப் பிடித்து ஒட்டிய அட்டைகள். இரண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தால் கோபுரம் தட்டையாக இல்லாமல் கோபுரமாகவே நிற்கும். பார்க்க வந்த சனம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பார்த்தது. பிச்சைமணிக்கு முதலில் அது சிரிப்பாக இருந்ததாம். இப்போது அவனும் கழற்றிவிடுகிறான். பெட்டிக்குள் பழனிப் படி தன் காலடியில் வந்து நிற்க, கமலாத்தாள் காலைத் தூக்கியே விட்டாள். நடக்க முடியாத மனுஷனுக்கு இது போதாதா? மறுநாளே அவனை வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டாள்.

பிச்சைமணி வாசல் வெளிச்சம் விழும்படி பெட்டியைப் பிடித்தான். குப்பண்ணன் வெகுநேரம் பார்த்தார்.

“ஏனுங்க, தெரியுதுங்களா?”

“காலண்டர்ல இருக்கறாப்பல இருக்குது. இதுல எங்க புள்ள ஏர்றது?”

பிச்சைமணி குனிந்து அவர் முகத்தைப் பார்த்தான். ஒரு கண்ணில் பூ விழுந்து வெளுத்திருந்தது.

“ரண்டு கண்ணும் வேணுமுங்கக்கா. ஒத்தக் கண்ணுக்கு இது வெறும் அட்டைதானுங்க.”

தினமும் அவள் துடைத்துவிடுகிற கண்தான். அது போய் வருஷக்கணக்காயிற்று. ஆனாலும் நினைவுக்கு வரவில்லை. தன்னைத்தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

“வேண்டுதல் ரண்டு பேருத்துக்குந்தான?” என்றார் குப்பண்ணன். “நீ ஏறு. ஏற ஏற எனக்குச் சொல்லு.”

அவள் பெட்டியை வாங்கிக் கண்ணில் வைத்தாள். பிச்சைமணி அட்டைகளை ஒவ்வொன்றாக மாற்றினான்.

“படி வந்திருச்சுங்க.”

“ஏறு.”

“மண்டபம் ஒண்ணு இருக்குதுங்க. சனம் உக்காந்து எளப்பாறுது.”

“நீ நிக்காத. ஏறு.”

பெட்டிக்குள்ளும் விடமாட்டேன் என்கிறாரே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது. முழங்கால் நிஜமாகவே கடுத்தது.

கடைசி அட்டையில் மலை உச்சி. பெரிய கதவு, சாத்தியிருந்தது. அடுத்தது எங்கே என்று கையை நீட்டினாள். பிச்சைமணி உதட்டைப் பிதுக்கினான். மூலவரைப் படம் பிடிக்க யார் விடுவார்கள்?

“சாமி தெரியுதா?” என்றார் குப்பண்ணன்.

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வேண்டுதல் தீர்ந்தது, புலம்பல் ஓய்ந்தது. இதற்காகத்தானே இத்தனை பாடும். சொல்ல வாய் வரவில்லை அவளுக்கு.

“நடை சாத்தியிருக்குதுங்க.”



“தொறக்கட்டும்” என்றார் குப்பண்ணன். “அதுவரைக்கும் அங்கயே செத்த உக்காரு புள்ள.”

கமலாத்தாள் பெட்டியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, சுவரில் முதுகைத் தேய்த்தபடி மெல்லச் சரிந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்ல வாயெடுத்த பிச்சைமணி, சொல்லாமல் நின்றான். அவள் காலை நீட்டிக்கொண்டாள்.