அக்கா, இங்க வாயேன்

தங்கையின் கணவர் அந்தக் கம்ப்யூட்டர் திரையைக் குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு, எங்கே இறக்குவதென்று தெரியாமல் அறை வாசலிலேயே நின்றார். அதன் பின்னாலிருந்து தொங்கிய வயர் அவர் காலில் சுற்றியிருந்தது.

"அதைக் கீழ வைக்காதீங்க மாப்பிள்ளை," என்றாள் அக்கா.

"வைக்காம என்ன அண்ணி பண்றது? மேசையை நகத்தினாத்தான் கட்டில வெளிய எடுக்க முடியும். ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. உங்க தம்பிய எவ்வளவு நேரம் உள்ளயே வச்சிருக்கறது?"

"அது எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

"எது?"

"அதுதான். எழுத்து தெரிஞ்சுது. நீங்க பிளக்கைப் பிடுங்கிட்டீங்களா?"

"பிடுங்காம எப்படித் தூக்குறது?" என்றவர் உதவிக்குத் தன் மனைவியைப் பார்த்தார். தங்கை வந்து அக்காவின் கையைப் பிடித்தாள். "வாக்கா. வந்து உக்காரு. காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்க."

அவள் உட்கார்ந்தாள். கட்டில் வெளியே வந்தது. தம்பியை முன்னறையில் கிடத்தினார்கள். வெள்ளைப் போர்வையை யாரோ கழுத்துவரை இழுத்துவிட்டார்கள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அறைக்குள் தரையில் வைக்கப்பட்டிருந்த திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அது கறுப்பாக இருந்தது.

அக்காவும் தம்பியும் மட்டும் இருந்த வீடு அது. அவளுக்குக் கல்யாணம் அமையவில்லை. அவனுக்கு அமைந்தது நிலைக்கவில்லை. அவள் தையல்காரி. அவன் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஒருவர் வேலையில் ஒருவர் தலையிடாமல் வருஷங்கள் ஓடியிருந்தன, மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் அவன் அந்தச் சாமானைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்து நிற்கும்வரை. தன் சட்டையைக் கழற்றி அதன்மேல் போர்த்திவிட்டு, பனியனோடு நனைந்துபோய் நின்றான்.

"உனக்கு என்னடா புத்தி கெட்டுப் போச்சா?"

"பழைய ஆபீசுக்குப் பின்னாடி குப்பையோட குப்பையா கெடந்துச்சுக்கா. மூணாவது மாடில இருந்த கம்ப்யூட்டர். கண்ணாடி ரூம் ஒண்ணு இருக்கும், செருப்பக் கழட்டிட்டுத்தான் உள்ள போவாங்க. எங்கள உள்ள விடமாட்டாங்க."

"அதேதானா இது?"

"அதேவோ, அது மாதிரியோ."

"இத வச்சு என்ன பண்ணப் போற?"

"ஓடுதான்னு பாக்கணும்."

"ஓடினா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஓடினா ஓடும்."

அதற்குமேல் அவனிடமிருந்து ஒன்றும் வாங்க முடியவில்லை. எழுத்துக் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அவள் காய்கறி கழுவும் சல்லடையில் போட்டுச் சோப்புத் தண்ணீரில் அலசினான். வெட்டித் தைக்க வைத்திருந்த துணிமேல் பரப்பிக் காயவைத்தான். துருவைச் சுரண்டினான். தெருமுனையில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த ஈயம் என்பவனிடம் போய் வந்துகொண்டே இருந்தான். எப்போதும் ஈயம் பற்றவைக்கிற வாசனையோடு திரிந்ததால் அவனுக்கு அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் தம்பிக்காவது தெரியுமோ என்னவோ. ஒருநாள் அந்தப் பெட்டிக்குள் ஏதோ வெடித்து வீடு முழுக்கக் கரண்ட் போயிற்று. அவள் தைத்துக்கொண்டிருந்த துணி அன்றைக்கே கொடுக்கவேண்டியது. "இனி அந்தச் சனியன் இருக்கற ரூமுக்குள்ள நான் கால் வைக்கமாட்டேன்," என்றாள். வைக்கவும் இல்லை.

இன்று காலையில் அவள் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது.

"அக்கா, இங்க வாயேன்."

"ஒரு கை பாக்கி இருக்குடா. வச்சுட்டு வரேன்," என்றாள்.

அவன் மறுபடி கூப்பிடவில்லை. அவள் சட்டையின் கையை வைத்துத் தைத்து, நூலை அறுத்துவிட்டு எழுந்து போனாள். அவன் நாற்காலியில் இருந்தான். திரையில் பச்சை எழுத்துகள் தெரிந்தன. அவன் கண்கள் திறந்திருந்தன, ஆனால் திரையை நோக்கி இல்லை. கதவை நோக்கி.

வந்து பார்த்த டாக்டரம்மா இதயம் என்றார். பெரிதாக வலி தெரிந்திருக்காது என்றும் சொன்னார்.

"கூப்பிட நேரம் இருந்திருக்குமாம்மா?" என்று அவள் கேட்டாள்.

"சில பேருக்கு இருக்கும். சில பேருக்கு இருக்காது. நீங்க அதையெல்லாம் யோசிக்காதீங்க."

யோசிக்காமல் எப்படி இருப்பது? வலி வந்தவன் 'வாயேன்' என்பானா? 'அக்கா' என்று அலற மாட்டானா? 'வாயேன்' என்பது ஆசையாகக் கூப்பிடுவது, எதையோ காட்டக் கூப்பிடுவது. அப்படியானால் எழுத்து வந்துவிட்டது, அவன் பார்த்துவிட்டான், அந்த அறைக்குள் வரமாட்டேன் என்றவளைக் கெஞ்சிக் கூப்பிட்டான். இது ஒரு கணக்கு. ஆனால் அவன் எதற்கும் அலறுகிறவனில்லையே. லிப்ட் கதவில் விரல் நசுங்கிய அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "அக்கா, கொஞ்சம் தண்ணி ஊத்தேன்," என்றுதான் சொன்னான். ரத்தத்தை அவள்தான் பார்த்தாள். அப்படியானால் இந்த 'வாயேன்' எந்த 'வாயேன்'? அவள் அந்தக் குரலை மனதுக்குள் மறுபடி மறுபடி கேட்டாள். ஒவ்வொரு தடவையும் வேறுவேறு மாதிரி கேட்டது. கேட்கக் கேட்க அது அவன் குரலே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

ஈயம் வந்தான். தம்பியின் காலடியில் தலைகுனிந்து நின்றுவிட்டு, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நேத்து சாயங்காலம்கூடக் கடைக்கு வந்தாரேக்கா. நல்லாத்தானே இருந்தாரு."

"ஈயம், அதுல எழுத்து வந்துச்சு."

அவன் நிமிர்ந்தான். "வந்துச்சா? நேத்துவரைக்கும் வெறும் வெளிச்சம்தானே? பழைய பிளாப்பி ஒண்ணு தேடிக் குடுத்தேன். அதப் போட்டுப் பாத்திருக்காரு போல." அவன் முகம் ஒரு கணம் மலர்ந்தது. எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைவு வந்து குனிந்துகொண்டான்.

"சுவிட்ச் போட்டா எழுத்து வர எவ்வளவு நேரமாகும்?"

"கொஞ்ச நேரம் ஆகும்க்கா. பழசு, மெதுவாத்தான் வரும்."

"அவன் பாத்தானா, பாக்கறதுக்கு முன்னாடியே போயிட்டானா?"

அவள் எழுந்தாள். "வா. போட்டுக் காட்டு."

"இப்பவா?" என்றாள் தங்கை. "அக்கா, எல்லாரும் உக்காந்திருக்காங்க."

"உக்காந்திருக்கட்டும்."

அவள் அந்த அறைக்குள் போனாள். ஈயம் திரையை மேசைமேல் ஏற்றி, வயர்களை மாட்டி, சுவிட்சைத் தட்டினான். காற்றாடி சுற்றுகிற சத்தம் வந்தது. திரையின் மூலையில் எண்கள் ஏறிக்கொண்டே போயின. 'பீப்' என்று ஒரு சத்தம். பிறகு பெட்டி கறுக் கறுக்கென்று மென்றது. கடைசியில் பச்சையாக இரண்டு வரி வந்தது.

"இதேதான்," என்றாள். "என்ன சொல்லுது?"

"இன்னைக்கு என்ன தேதின்னு கேக்குது. உள்ள இருக்கற பாட்டரி செத்துப்..." அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "பாட்டரி இல்லக்கா. அதனால அதுக்கு நாள் கிழமை ஒண்ணும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் கேக்கும்."

"அவன் ஏதாவது பதில் அடிச்சிருந்தா?"

"இந்த வரிக்குப் பக்கத்துல தெரிஞ்சிருக்கும். காலையில ஏதாவது இருந்துச்சா?"

அவள் நினைத்துப் பார்த்தாள். பச்சை மட்டும்தான் நினைவில் இருந்தது. அதற்குள் என்ன எழுதியிருந்தது என்று தெரியவில்லை. வாசலில் நின்ற தங்கையின் கணவரைப் பார்த்தாள். "நான் பாக்கல அண்ணி. சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றார் அவர், குற்றம் சாட்டப்பட்டவர்போல.

"அந்தச் சத்தம் எழுத்துக்கு முன்னாடிதானே வருது?"

"ஆமாக்கா. முதல்ல பீப், அப்புறம் எழுத்து."

"நான் போய் மெஷின்ல உக்காந்துக்கறேன். நீ மறுபடி போடு. அங்க கேக்குதான்னு பாக்கணும்."

முன்னறையில் தம்பியைத் தாண்டிப் போய்த் தன் ஸ்டூலில் உட்கார்ந்து, நூல் கோக்காத மெஷினை அவள் மிதிக்க ஆரம்பித்தபோது, அங்கே இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கைக்குட்டையால் வாயை மூடியிருந்த ஒரு பெண் கையை இறக்கிக்கொண்டு பார்த்தாள். "அதிர்ச்சியில இருக்காங்க," என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அவள் மிதித்துக்கொண்டே காதைக் கொடுத்தாள். டகடகவென்று ஊசி வெறுமனே ஏறி இறங்கியது.

"போட்டியா?" என்று கேட்டாள்.

ஈயம் வாசலுக்கு வந்தான். "போட்டேனேக்கா. எழுத்தே வந்துடுச்சு."

"சத்தம் கேக்கலியே."

"இங்க இவ்வளவு பேர் இருக்காங்க. காலையில வீடு அமைதியா இருந்திருக்கும்."

"அப்ப காலையில எனக்குக் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கலாம்."

கேட்டதுபோலவும் இருந்தது. கூப்பிட்டதற்கு முன்னால் கேட்டதுபோல இருந்தது. அப்படி நினைத்தவுடன், பின்னால் கேட்டதுபோலவும் இருந்தது. அவள் காலை மிதிபலகையிலிருந்து எடுத்தாள்.

"ஈயம், அவன் பாத்துட்டானாடா?"

பார்த்துவிட்டார் என்று அவன் சொல்லியிருக்கலாம். அங்கிருந்த எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். தங்கை கண்ணாலேயே ஜாடை காட்டினாள். அவன் அக்காவைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான்.

"தெரியலக்கா," என்றான்.

அவள் தலையசைத்தாள். காலையிலிருந்து வந்தவர்கள் சொன்னதில் அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்குள் போயிற்று. அப்போதுதான் தம்பியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்த்தாள். வண்டி வரும்வரை எழுந்திருக்கவில்லை.

எல்லாம் முடிந்து திரும்பும்போது வெயில் இறங்கியிருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராக விடைபெறாமலே போய்விட்டார்கள். தங்கையின் கணவர் நாற்காலிகளை அடுக்கிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார்.

"அண்ணி, அந்த ரூம்ல இருக்கறத என்ன பண்ணலாம்? வேணாம்னா பழைய சாமான்காரன்கிட்டச் சொல்றேன். ஈயமே எடுத்துக்கட்டும்னாலும் சரி."

அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. ஆணியில் தொங்கிய அளவு டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு அறைக்குள் போனாள். மேசை இன்னும் சுவரிலிருந்து விலகி, கோணலாக நின்றது. அவள் முதலில் பெட்டியின் அகலத்தை அளந்தாள். பிறகு உயரத்தை. திரை பெட்டிமேல் உட்கார்ந்திருந்ததால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு தடவை, தனித்தனியாக ஒரு தடவை. எழுத்துக் கட்டைகளுக்குத் தனியாக.

"என்னக்கா தைக்கப் போற?" என்றாள் தங்கை வாசலிலிருந்து.

"உறை. தூசி உள்ள போயிடும்."

"எந்தத் துணியில?"

"பாக்கணும்." அவள் பெட்டியின் பின்பக்கம் போய்க் குனிந்தாள். "இங்க வயருக்கு வழி விடணும். இல்லாட்டி இழுத்துப் பிடிக்கும்." எழுந்தபோது முதலில் எடுத்த அகலம் மறந்துபோயிருந்தது. மறுபடி டேப்பை வைத்தாள். வைத்த முனை வழுக்கி விழுந்தது. திரும்பவும் வைத்தாள்.

தங்கை உள்ளே வந்து, டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.